கேமரன் மலை: பெர்மிட் யார் கையில்?

தோட்ட வேலைக்கு மலேசியா கிளம்புகிறவர்கள் முதலில் சம்பளத்தைத்தான் விசாரிக்கிறார்கள். முதலில் விசாரிக்க வேண்டியது வேறு ஒன்று.

கேமரன் மலையின் சுங்கை பாலாஸ் சரிவில் காலைப் பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. தேயிலை வரிசையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவே செடிகளின் தலைமேல் ஒரு மோட்டார் இயந்திரம். இருவரும் ஒரே சீராக அடியெடுத்து வைக்கிறார்கள். கத்தி வெட்டும் கொழுந்தைக் காற்று பின்னுக்குத் தள்ள, இயந்திரத்தின் பின்னால் தரையில் இழுபடும் நீளப் பை மெல்லப் புடைக்கிறது. இயந்திரம் ஏற முடியாத செங்குத்தில் பெரிய கத்திரியோடு வேறு சிலர் நிற்கிறார்கள். இவர்களுக்கு மேலே, மலை விளிம்பைத் தாண்டி நீட்டிக் கட்டிய பார்வை மேடையில் சுற்றுலாப் பயணிகள் தேநீரும் கேக்குமாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே நிற்பவரும் கீழே நிற்பவரும் தஞ்சாவூர்க்காரர்களாகவே இருக்கலாம். இருவர் பாஸ்போர்ட்டும் இந்திய பாஸ்போர்ட்டாகவே இருக்கலாம். ஆனால் மலேசியக் குடிநுழைவுத் துறையின் கண்ணுக்கு இவர்கள் இரு வேறு வகை மனிதர்கள்.

தோட்ட பெர்மிட்டைக் குடியேற்றத்தின் முதல் படி என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். பத்து வருஷம் ஓட்டினால் எப்படியும் ஒரு அட்டை கிடைத்துவிடும் என்பது கிராமத்துக் கணக்கு. சட்டம் சொல்வது வேறு. அந்த பெர்மிட், ஒரு முதலாளி ஓர் ஆளை ஓராண்டுக்கு வேலைக்கு வைத்துக்கொள்ளத் தரப்படும் அனுமதி. பெயர் தொழிலாளியுடையது, பிடி முதலாளியுடையது. சம்பள பாக்கி, பாஸ்போர்ட் பறிப்பு, தோட்டத்தை விட்டு ஓட்டம், கைது, நாடு கடத்தல் என்று நாம் தனித்தனியாகப் படிக்கும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிச்சிலிருந்தே கிளம்புகின்றன.

ஒரே மலை, மூன்று வாசல்

முதல் வாசல் சுற்றுலா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் மலேசியாவில் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பி, திரும்பும் டிக்கெட்டும் செலவுக்குப் பணமும் காட்டினால் போதும். இரண்டாம் வாசல் பணம் படைத்தவர்களுக்கானது. ‘மலேசியா எனது இரண்டாம் இல்லம்’ என்ற திட்டத்தில், 25 வயது கடந்த வெளிநாட்டவர் ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலரை வைப்புநிதியாகப் போட்டு, குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடும் வாங்கினால் ஐந்தாண்டு பாஸ் கிடைக்கும். புதுப்பிக்கலாம், குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். வைப்புநிதி 10 லட்சம் டாலரைத் தொட்டால் பாஸ் 20 ஆண்டுக்கு.

மூன்றாவது வாசலில்தான் தோட்டத் தொழிலாளி நிற்கிறார். அரசுத் தாள்களில் அதன் பெயர் தற்காலிக வேலை வருகை பாஸ். தொழிலாளர்கள் வாயில் ‘பெர்மிட்’. இந்தியாவிலிருந்து எல்லா வேலைக்கும் இது கிடைக்காது. தோட்டம், விவசாயம், உணவகம், பொற்கொல்லர் வேலை, முடி திருத்துதல், துணிக்கடை, பழைய இரும்பு, கட்டுமானத்தில் உயர் அழுத்த மின்கம்பி வேலை என ஒரு குறுகிய பட்டியல் உண்டு. முதலாளி முதலில் தொழிலாளர் துறையிடம் அனுமதி வாங்கி, ஒதுக்கீடு பெற்று, பெயர் குறித்து அழைப்பு வரவழைக்க வேண்டும். ‘காலிங் விசா’ என்று ஏஜென்டுகள் சொல்வது இதைத்தான். இந்த வரிசை தலைகீழாகப் போனால், அதாவது ஆள் முதலில் போய் அனுமதி பிறகு வரும் என்று யாராவது சொன்னால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

[பெட்டிச் செய்தி] பெர்மிட்டின் நிபந்தனைகள்

• விண்ணப்பிக்கும்போது வயது 18 முதல் 45 வரை.
• ஓராண்டுக்குத் தரப்படும். ஆண்டுதோறும் முதலாளி புதுப்பிக்க வேண்டும். உச்சவரம்பு 10 ஆண்டு. சிலருக்கு மட்டும் மேலும் 3 ஆண்டு.
• குறிப்பிட்ட முதலாளியிடம், குறிப்பிட்ட துறையில் மட்டுமே வேலை.
• மனைவி மக்களை அழைத்து வர முடியாது. பெர்மிட் காலத்தில் அங்கே திருமணம் செய்யவும் கூடாது.
• வந்த ஒரு மாதத்துக்குள் மருத்துவச் சோதனை. காசநோய் போன்ற தொற்று இருந்தாலோ பெண் தொழிலாளி கருவுற்றிருந்தாலோ ‘தகுதியில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுவார்.
• தோட்டத் துறைக்கு லெவி (வெளிநாட்டுத் தொழிலாளரை வைத்திருப்பதற்கான வரி) ஆண்டுக்கு 640 ரிங்கிட். 2018 முதல் இதை முதலாளிதான் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.
• குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,700 ரிங்கிட். கிலோ கணக்கில் கூலி வாங்குபவருக்கும் இது பொருந்தும். வாரத்துக்கு 45 மணி நேர வேலை.

தாத்தா காலத்துக் கதவு

‘எங்க தாத்தா போனாரு, அங்கேயே குடும்பமாயிட்டாரு’ என்ற பேச்சு தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் உண்டு. பொய்யில்லை. கேமரன் மலையில் ‘போ’ தோட்டத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கினார். பாரத் குழுமத்தின் தேயிலை 1933இல் வந்தது. காட்டைத் திருத்தித் தேயிலை போட்ட கைகளில் தமிழர் கைகள் ஏராளம். அன்று கங்காணி கூட்டிவந்தார். இந்தியக் குடியேற்ற நிதி என்ற பொது நிதியிலிருந்து பயணச் செலவு கிடைத்தது. தோட்டம் பிடிக்காவிட்டால் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை இப்படி அனுப்புவதைத் தடை செய்தது. 1953இல் மலாயா தன் பக்கக் கதவை இறுக்கியது. சுதந்திர நாளான 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் வரை அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பினாலேயே குடியுரிமை வந்தது. சுதந்திரத்துக்கு முன் வந்தவர்கள் மனுப் போட்டு வாங்க வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு வெளியே உலகம் தெரியாத பலர் போடவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் மலேசியாவை விட்டுத் திரும்பினார்கள்.

தாத்தா நுழைந்த கதவு பேரன் பிறக்கும் முன்பே சாத்தப்பட்டுவிட்டது. காகிதத்தை அன்றே சரி செய்யாததன் விலையையும் மலேசியத் தமிழர்கள் இன்றுவரை கொடுத்துவருகிறார்கள். நீல அட்டை குடிமகனுக்கு. சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. பச்சை அட்டை தற்காலிகவாசிக்கு. வாழ்நாளெல்லாம் மலேசியாவில் கழித்தும் சிவப்பு அட்டையோடு முதுமையடைந்த தமிழர்கள் உண்டு. எந்த அட்டையும் இல்லாதவர்களுக்காக 2011இல் ‘மை டஃப்தார்’ என்ற சிறப்புப் பதிவு இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட திருமணங்கள் இன்னொரு சிக்கல். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிவது கட்டாயம். பதிவில்லாவிட்டால் குழந்தைக்குத் தாயின் நிலைதான். தாய் வெளிநாட்டவர் என்றால், தந்தை நீல அட்டைக்காரராக இருந்தாலும் குழந்தை மலேசியக் குடிமகன் ஆகாது. பெர்மிட்டில் வந்தவர் அங்கே குடும்பம் நடத்தத் தொடங்கினால் அடுத்த தலைமுறை எந்தக் குழியில் விழும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பத்து ஆண்டு கணக்கில் வராது

‘பத்து வருஷம் இருந்தால் குடியுரிமை கேட்கலாமே’ என்பார்கள். மலேசிய அரசமைப்பின் 19ஆம் பிரிவில் 12 ஆண்டில் 10 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பது உண்மை. ஆனால் நடைமுறையில் அந்தக் கடிகாரம் நிரந்தரவாச அனுமதி கிடைத்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது. நிரந்தரவாசமோ பெரிய முதலீட்டாளர், நிபுணர், தொழில் வல்லுநர், குடிமக்களின் துணைவர் போன்றோருக்கு உரியது. தோட்ட பெர்மிட்டில் கழித்த ஆண்டுகள் அந்தப் பட்டியலின் எந்தக் கட்டத்திலும் ஏறுவதில்லை. பெர்மிட்டின் உச்சவரம்பும் சரியாகப் பத்து ஆண்டில் வந்து நிற்கிறது. அதாவது, தங்கியதற்குப் பலன் கேட்கக்கூடிய நாள் நெருங்கும்போது தங்கும் அனுமதியே முடிந்துவிடுகிறது.

பூட்டு முதலாளியிடம்

இனி நிஜமான விளைவுக்கு வருவோம். ஒரு தொழிலாளிக்குச் சொன்ன சம்பளம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்க்காரர் என்றால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போவார். அந்தப் பயத்திலேயே முதலாளி சம்பளத்தைச் சரி செய்வார். பெர்மிட்காரருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அவர் தோட்டத்தை விட்டு வெளியே போனால் ‘ஓடிவிட்டார்’ என்று முதலாளி 14 நாளுக்குள் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதோடு பெர்மிட் ரத்து ஆகும் வேலையும் தொடங்கிவிடும். புகார் கொடுக்கப் போனவரும் வேலையைத் துறந்தவரும் சட்டத்தின் பார்வையில் ஒரே குற்றவாளியாகும் ஆபத்து இங்கே இருக்கிறது. அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வது மலேசியாவின் 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அப்படியும் ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று வாங்கி வைக்கும் பழக்கம் ஒழியவில்லை. பெர்மிட்டை முதலாளி புதுப்பிக்கத் தவறினாலும் தண்டனைக்கு ஆளாகிறவர் தொழிலாளிதான். அனுமதிக் காலம் தாண்டித் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பகாங் மாநிலத்தின் கெமாயான் போன்ற தடுப்பு முகாம்களில் நாடு கடத்தலுக்குக் காத்திருப்பது அதற்குப் பிந்தைய கட்டம்.

இந்தப் பூட்டுக்கு இரண்டாவது சாவி கடன். கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், மூன்று வட்டிக்கு வாங்கியது. ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 20 ரூபாய் என்று வைத்தால் 1,700 ரிங்கிட் என்பது 34,000 ரூபாய். சாப்பாடு, போன், பிடித்தம் போக மாதம் 22,000 ரூபாய் ஊருக்கு வருகிறது. பாதி வீட்டுச் செலவுக்கு, பாதி கடனுக்கு. முதல் மாதம் வட்டி மட்டும் 4,500. இப்படியே போனால் கடன் தீர 18 மாதம் ஆகும். பெர்மிட்டோ 12 மாதத்துக்குத்தான். முதல் பெர்மிட் முடியும் நாளில் 57,000 ரூபாய்க்கு மேல் பாக்கி நிற்கும். புதுப்பிப்பது முதலாளி விருப்பம் என்ற நிலையில், அந்த மனிதர் எதைப் பற்றித்தான் வாய் திறப்பார்? இந்தியச் சட்டப்படி ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. அந்தத் தொகை மட்டும் வாங்கப்பட்டால் அதே கணக்கில் நான்கே மாதத்தில் கடன் தீரும். மீதி எட்டு மாதம் அவர் நிமிர்ந்து பேசலாம்.

[பெட்டிச் செய்தி] புறப்படும் முன்

• ஏஜென்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபாருங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் அனுப்புகிறது.
• பத்தாம் வகுப்பு தேறாதவர் மலேசியா போகச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தேவை.
• பத்து லட்சம் ரூபாய்க்கான ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ விபத்துக் காப்பீடு எடுங்கள்.
• ஒப்பந்தத்தில் முதலாளியின் பெயர், வேலை செய்யும் இடம், துறை, சம்பளம் நான்கும் இருக்கட்டும். விசாவில் உள்ள பெயரும் அதே பெயர்தானா பாருங்கள்.
• பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் படமெடுத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

‘விசிட்டிங்ல போங்க, மாத்திக்கலாம்!’

விசா இல்லாப் பயணம் சுற்றுலாவுக்கு நல்லது. ஏஜென்டுகளுக்கு அது இன்னும் நல்லதாகப் போய்விட்டது. ‘போங்க தம்பி, முப்பது நாள்ல அங்கேயே பெர்மிட் போட்டுடுவாங்க’ என்ற வாக்குறுதிக்கு இப்போது விசா முத்திரைகூடத் தேவையில்லை. ஒரு விமான டிக்கெட் போதும். சுற்றுலாவாக நுழைந்தவரைத் தோட்டத் தொழிலாளியாக மாற்ற விதியில் இடமில்லை. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஹோட்டல் முன்பதிவும் கைப்பணமும் காட்ட முடியாதவர்கள் ‘நாட் டு லேண்ட்’ உத்தரவோடு வந்த வழியே திருப்பப்படுகிறார்கள். அவர்களாவது பண நஷ்டத்தோடு தப்பினார்கள் என்று சொல்லலாம். உள்ளே நுழைந்துவிட்டவர் 31ஆம் நாள் காலையில் சட்டவிரோதக் குடியேறி ஆகிறார். வெளியேறும் வழியைக்கூட அவ்வப்போது அரசு திறக்கும் திட்டங்களில்தான் தேட வேண்டும். 2024 மார்ச்சில் தொடங்கிய தாயகம் திரும்பும் திட்டத்திலும், 2025 மே மாதம் வந்த அதன் இரண்டாம் கட்டத்திலும், 500 ரிங்கிட் வரை தண்டம் கட்டிச் சிறைக்குப் போகாமல் ஊர் திரும்ப வழி இருந்தது. அப்படிப்பட்ட கதவு திறந்திருக்கும் நேரத்தில் மாட்டுவோம் என்ற உறுதி யாருக்கும் இல்லை.

முறையாகப் போகிறவருக்கும் அரசின் கொள்கை எப்போது திரும்பும் என்று தெரியாது. 2023 மார்ச்சில் மலேசியா புதிய வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீட்டை நிறுத்தியது. ஏற்கெனவே அனுமதி பெற்றவர்கள் 2024 மே 31க்குள் வந்துசேர வேண்டும் என்று கெடு வைத்தது. அந்தக் கெடுவைத் தவறவிட்டு ஏறத்தாழ 17,000 வங்கதேசத் தொழிலாளர்கள் சொந்த ஊரிலேயே சிக்கிக்கொண்டார்கள். அவர்களில் பலர் நிலத்தை விற்று, கடன் வாங்கிப் பணம் கட்டியவர்கள். 13ஆவது மலேசியத் திட்டமோ, மொத்தத் தொழிலாளர்களில் வெளிநாட்டவர் பங்கை 2030க்குள் 10 சதவீதத்துக்கும் 2035க்குள் 5 சதவீதத்துக்கும் குறைக்கப் போவதாகச் சொல்கிறது. இனி வரும் ஆண்டுகளில் பெர்மிட் புதுப்பிப்பு இன்னும் இறுகும் என்று எதிர்பார்ப்பதே விவேகம்.

மறுப்புகளும் பதில்களும்

‘எந்த நாட்டுக்கும் தன் எல்லையைக் காக்க உரிமை உண்டு, வேலைக்கு வந்தவனெல்லாம் குடியேற முடியுமா?’ என்பது முதல் மறுப்பு. நியாயமான மறுப்பு. எத்தனை பேரை அனுமதிப்பது என்பது மலேசியாவின் முடிவு. அனுமதித்த ஆளை எந்த முதலாளியோடு கட்டிப்போடுவது என்பது எல்லைப் பாதுகாப்போடு தொடர்பில்லாத கேள்வி. பெர்மிட்டை முதலாளிக்குப் பதில் துறையோடு இணைத்தால் ஆள் எண்ணிக்கையில் ஒன்றும் கூடப் போவதில்லை. தேயிலைத் தொழிலாளி வேறு தேயிலைத் தோட்டத்துக்கு மாற முடியும், அவ்வளவுதான். தொழிலாளியை முதலாளியோடு கட்டிவைக்கும் கஃபாலா முறைக்குப் பேர்போன கத்தாரே 2020இல் முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமல் வேலை மாற அனுமதித்தது. சவூதி அரேபியா 2021இல் ஓரளவு தளர்த்தியது. அங்கும் சிக்கல்கள் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் எல்லைகள் இடிந்து விழவில்லை.

‘நாங்கள் லெவி கட்டி, விமானச் செலவு செய்து ஆளை வரவழைத்தால், அடுத்த மாதமே காய்கறித் தோட்டக்காரர் கூடுதலாகக் கொடுத்து இழுத்துக்கொள்வார்’ என்பது தோட்ட நிர்வாகங்களின் வாதம். கேமரன் மலையில் இது கற்பனைப் பயமில்லை. தேயிலைக்குப் பக்கத்திலேயே காய்கறியும் பூவும் ஸ்ட்ராபெரியும் ஆளுக்குத் தவிக்கின்றன. சட்டவிரோதத் தொழிலாளர்களுக்கு எதிராக 2014 இறுதியில் அங்கே பெரிய அளவில் சோதனைகளும் நடந்தன. துறைக்குள் மட்டும் மாறலாம் என்ற வரம்பும், முதல் ஆறு மாதத்துக்குள் மாறினால் வரவழைத்த செலவின் ஒரு பங்கைப் புதிய முதலாளி தர வேண்டும் என்ற விதியும் இதற்குப் போதும். கட்டிவைத்தால்தான் ஆள் நிற்பான் என்று ஒரு தொழில் சொன்னால், கூலியும் குடியிருப்பும் போதவில்லை என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. செலவை முதலாளியே ஏற்பது நடக்காத காரியம் என்பாருக்கும் மலேசியாவிலேயே பதில் இருக்கிறது. சைம் டார்பி பிளான்டேஷன் பொருள்களுக்கு 2020இல் அமெரிக்கா கட்டாய உழைப்புப் புகாரில் இறக்குமதித் தடை விதித்தபின், அந்த நிறுவனம் தொழிலாளர்கள் கட்டிய ஏஜென்ட் கட்டணத்தைத் திருப்பித் தர ஏறத்தாழ 8.2 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. 2023இல் தடை நீங்கியது.

மூன்றாவது மறுப்பு தொழிலாளர்களிடமிருந்தே வருகிறது: ‘இங்கே கூலிக்குப் போனால் மட்டும் என்ன வாழ்கிறோம்? ஐந்து வருஷம் பல்லைக் கடித்தால் வீடு கட்டலாம்.’ இதை மறுப்பதற்கில்லை. முறையான பெர்மிட்டில் போய், கடனின்றி உழைத்து, ஊரில் வீடு கட்டியவர்கள் இருக்கவே செய்கிறார்கள். அவர்கள் ஜெயித்தது குடியேறப் போகிறோம் என்று நினைத்ததால் அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு உழைக்கப் போகிறோம் என்று தெரிந்து போனதால். திரும்பும் தேதியை முதலிலேயே குறித்துக்கொள்பவர் பிள்ளையின் படிப்பு, நிலம், தொழில் எல்லாவற்றையும் இங்கே வைத்துத் திட்டமிடுகிறார். அட்டை கிடைக்கும் என்று நம்புகிறவர் இரண்டு ஊரிலும் வேர் பிடிக்காமல் நாற்பத்தைந்து வயதில் வெறுங்கையோடு இறங்குகிறார்.

இரு அரசுகளின் கடமை

மலேசியா ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வேலையிட விபத்துக்கான சமூகப் பாதுகாப்பு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. 2025 அக்டோபர் முதல் சேமநிதியில் தொழிலாளி 2 சதவீதமும் முதலாளி 2 சதவீதமும் செலுத்துவது கட்டாயம். தொழிலாளர் குடியிருப்புக்கான 446ஆம் சட்டம் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. இவற்றை எல்லாம் கேட்டு வாங்கும் துணிவு, முதலாளியை மாற்றும் உரிமை இருந்தால்தான் வரும். இந்தியாவும் மலேசியாவும் 2024 ஆகஸ்டில் தொழிலாளர்களை எடுப்பது, வேலைக்கு வைப்பது, திருப்பி அனுப்புவது பற்றி ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பலன் தோட்டம்வரை எட்ட வேண்டுமானால், ஏஜென்ட் கட்டணம் எவ்வளவு வாங்கப்பட்டது என்பதைத் தொழிலாளி ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பும், தோட்டத்தில் சேர்ந்த பிறகும் இரு தரப்பும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் குடிபெயர்வோர் அதிகாரியைப் பார்க்காமலே பறக்கலாம் என்ற விதியில், தோட்டத்துக்குப் போகும் படித்த இளைஞர்கள் எந்தக் கண்காணிப்பிலும் சிக்காமல் போகிறார்கள். அந்த ஓட்டையை அடைப்பது டெல்லியின் வேலை.

தேயிலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த உண்மை. ஆண்டுதோறும் புதுப்பித்து, பத்து ஆண்டு உழைப்பைச் சட்டப்படி வாங்கிக்கொள்ளும் நாடு, அந்தத் தொழிலாளியை இன்னும் ‘தற்காலிகம்’ என்றே அழைப்பதற்கு ஒரு காரணமாவது சொல்ல வேண்டும். அதுவரை இங்கிருந்து போகிறவர் சம்பளத்தை விசாரிக்கும் முன் மூன்றை விசாரிக்கட்டும்: பெர்மிட் எந்த முதலாளி பெயரில் வருகிறது, அது எந்தத் தேதியில் முடிகிறது, அந்தத் தேதிக்குள் என் கடன் தீருமா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தர முடியாத ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.